'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் போதுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வெளியாகும் வாரத்தில் திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு கேள்வி கிளம்புகிறது. மணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற தொழிலாளியும், லால்குடி வட்டாரத்தில் நடவுக்கும் களைக்கும் போகிற தாயும், திருவெறும்பூர்ப் பட்டறையில் இரும்போடு மல்லாடுகிறவரும் கேட்பது ஒன்றுதான்: "பெண்ணை நர்சுப் படிப்பில் சேர்க்கலாமா? கட்டுப்படியாகுமா?"

இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கிற கனவான்கள் இருக்கிறார்கள். "நர்சு வேலை புனிதமான சேவை, அதில் போய்க் காசுக் கணக்குப் பார்க்கலாமா?" என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். காதுத் தோட்டை அடகு வைத்துப் பீஸ் கட்டுகிறவள் கணக்குப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? உபதேசம் செய்கிற கனவான் தம் பெண்ணை டாக்டராக்கும்போது எத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்று பார்க்கிறாரா இல்லையா?

ஆகவே நாம் சுற்றி வளைக்காமல் சொல்லுகிறோம். வேலை நல்ல வேலை. ஆனால் பெரும்பாலான இடங்களில் கூலி நல்ல கூலி அல்ல. நல்ல கூலி கிடைக்கிற இடங்கள் சில உண்டு. அங்கே மட்டும் ஏன் கிடைக்கிறது, மற்ற இடங்களில் ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நர்சு என்றால் யார் என்று கிராமத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு வருகிற நர்சம்மாவை எல்லோருக்கும் தெரியும். புத்தூர் பெரியாஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்குப் பாம்புக்கடி கேஸ் வந்தால் முதலில் ஓடி வருவது யார்? ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் மயங்கி விழுகிறவரைத் தூக்கிப் படுக்க வைத்து நாடி பார்ப்பது யார்? டாக்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து பார்த்துச் சீட்டில் எழுதிவிட்டுப் போகிறார். எழுதியதை 24 மணி நேரமும் செய்து முடிப்பது நர்சு. ட்ரிப் ஏற்றுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, புண்ணைக் கழுவுவது, மருந்தின் அளவு தவறாமல் பார்ப்பது, இறந்தவரின் கண்ணை மூடுவது, வெளியே நின்று அழுகிற மனைவிக்குப் பதில் சொல்வது, அத்தனையும் அவள் கையில். ஊசி கை தவறிக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி ஏறும், டி.பி. வார்டில் நின்றால் டி.பி. ஒட்டும். நூற்பாலையில் பஞ்சுத் தூசியை விழுங்குகிற தோழர்களுக்கு இது புரியாத சங்கதியல்ல.

இந்த வேலைக்கு என்ன சம்பளம்? சர்க்காரிடமிருந்தே தொடங்குவோம்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிரந்தர நர்சாக இருப்பவர்களுக்குச் சம்பள விகிதம் உண்டு, பஞ்சப்படி உண்டு, வருஷ உயர்வு உண்டு, லீவு உண்டு. அந்த வேலை கிடைத்த குடும்பம் இரண்டு தலைமுறைக் கடனிலிருந்து எழுந்து நிற்கிறது. இதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். "கட்டுப்படியாகுமா" என்று கேட்கிறவர்களின் மனதில் இருப்பதும் இந்தப் படம்தான். ஆனால் அந்த வாசலுக்கே ஒரு பூட்டைப் போட்டுவிட்டார்கள்.

2015-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து 7,000-க்கும் மேற்பட்ட நர்சுகளைத் தேர்ந்தெடுத்தது. எல்லோரும் படித்தவர்கள், பரீட்சையில் ஜெயித்தவர்கள். கொடுத்தது என்ன? மாதம் 7,700 ரூபாய், ஒரே தொகை. படி இல்லை, உயர்வு இல்லை. இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு நிரந்தரம் என்றார்கள். கணக்குப் போடுங்கள்: நாள் ஒன்றுக்கு 257 ரூபாய்கூட முழுசாகத் தேறவில்லை. 2017-18-இல் 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 205 ரூபாய். மூன்று வருஷமோ நான்கு வருஷமோ படித்து, பரீட்சை எழுதி, ஊர் விட்டு ஊர் போய், ராத்திரி கண் விழிக்கிறதற்குக் கூடுதலாகச் சர்க்கார் வைத்த விலை 50 ரூபாய்! வாய்க்கால் வெட்டுகிறவருக்கு 205 ரூபாய் போதும் என்று நாம் சொல்லவில்லை, அதுவும் அநியாயந்தான். இரண்டு அநியாயங்களும் ஒரே கஜானாவிலிருந்துதான் வந்தன என்பதைப் பாருங்கள்.

அதே வார்டில், அதே ஷிப்டில், அதே வெள்ளை உடுப்பில், அதே ஊசியைப் போடுகிற நிரந்தர நர்சு இதைப்போலப் பல மடங்கு வாங்குகிறார். நோயாளிக்கு வித்தியாசம் தெரியுமா? "நீ நிரந்தரமா, ஒப்பந்தமா?" என்று கேட்டா அவன் கையை நீட்டுகிறான்? சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியர்களுக்கும் உரியது என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் ஊழியர்களின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

இரண்டு வருஷம் முடிந்தது. நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் 27-ஆம் தேதி ஆயிரக்கணக்கான நர்சுகள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு, கர்ப்பிணிகள் உண்டு. கழிப்பறைகளைப் பூட்டிவிட்டார்கள் என்று அப்போதே பத்திரிகைகளில் செய்தி வந்தது. மூன்றாம் நாள் ஹைகோர்ட் தலையிட்டது. வேலைக்குத் திரும்பும்படி உத்தரவு. திரும்பினார்கள். தோற்றுத் திரும்பினார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2018-இல் அந்த 7,700 ரூபாய் 14,000 ஆயிற்று. இரண்டு வருஷம் மனுக் கொடுத்ததில் நகராத கல் மூன்று நாள் உட்கார்ந்ததில் நகர்ந்தது. நிரந்தரம் என்ற கோரிக்கை மட்டும் பலருக்குத் தொங்கிக்கொண்டே நின்றது. 2025 டிசம்பரிலும் ஒப்பந்த நர்சுகள் சென்னையில் மறுபடி வீதிக்கு வர வேண்டியிருந்தது.

கொரோனாக் காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்குத் தட்டைத் தட்டச் சொன்னார்கள். மே மாதம் 3-ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மீது பூத் தூவினார்கள். பெற்ற பிள்ளையே பிணத்தின் அருகில் போகப் பயந்த அந்த நாட்களில், பிளாஸ்டிக் உடுப்புக்குள் வேர்த்து நனைந்து, தண்ணீர் குடிக்கவும் வழியில்லாமல் நின்றவர்களில் அவசரமாக ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளும் இருந்தார்கள். தொற்று ஓய்ந்தது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. புத்தாண்டுப் பரிசு! போராடிய பிறகு, மாவட்டங்களில் 18,000 ரூபாயில் வேறு தற்காலிக வேலை தருகிறோம் என்றார்கள். பூத் தூவிய செலவு எவ்வளவு என்று ஒருநாள் யாராவது சட்டசபையில் கேட்டால் தேவலை.

பிரசவ லீவு விஷயம் இதைவிட வெட்கக்கேடு. பிறர் பிள்ளைப்பேற்றைப் பார்க்கிற நர்சுக்கு, ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்தால், தன் பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு லீவு இல்லை. சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்தின் பலன் ஒப்பந்த நர்சுகளுக்கும் உண்டு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டமே மேல் என்று சென்னை ஹைகோர்ட் 2024-இல் தீர்ப்புச் சொன்னது. சட்டம் வந்து 63 வருஷங்களுக்குப் பிறகு!

சர்க்காரே இப்படி என்றால் தனியாரைக் கேட்கவா வேண்டும்?

திருச்சி இன்று ஆஸ்பத்திரி நகரம். தில்லைநகரிலும் கண்டோன்மெண்டிலும் கண்ணாடிச் சுவர்கள் எழுந்து நிற்கின்றன. புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் என்று சுற்று வட்டாரமே அங்கே வந்து பில் கட்டுகிறது. பில்லில் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். நோயாளியின் வீட்டார் அதையும் கட்டுகிறார்கள். அந்த வரியில் வாங்குகிற பணம் நர்சின் கைக்குப் போய்ச் சேருகிறதா? வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்சைக் கேட்டுப் பார்க்கட்டும்.

தனியார் நர்சுகளின் கூலியைப் பற்றி 2016 ஜனவரி 29-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டு, மத்திய சர்க்கார் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழு சொன்னது தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம். 100-க்கு மேல் என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது. இது 2016-ஆம் ஆண்டு விலைவாசிக்குச் சொன்ன தொகை. அன்றைய அரிசி விலையும் வீட்டு வாடகையும் இன்று இருக்கின்றனவா? ஆனால் சிபாரிசு வெறும் சிபாரிசுதான். அதைச் சட்டமாக்குகிற பொறுப்பை மாநிலங்களிடம் விட்டார்கள், அதோடு சரி.

கூலி குறைவு என்றால் விட்டுவிட்டு வேறிடம் போகலாமே என்பார்கள். போக முடியாதபடி கட்டிப்போட இரண்டு கயிறுகள் இருக்கின்றன. ஒன்று 'பாண்டு'. இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்வேன், விலகினால் இவ்வளவு ரூபாய் கட்டுவேன் என்று எழுதி வாங்கிக்கொள்வது. இன்னொன்று, அசல் சர்டிபிகேட்டை வாங்கி நிர்வாகத்தின் அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்வது. பண்ணையாளின் கைநாட்டை வாங்கி மிராசுதார் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த காலத்தைத் தஞ்சை, திருச்சி விவசாயத் தொழிலாளர்களுக்கு நாம் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பெட்டி மாறியிருக்கிறது, பூட்டு மாறவில்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிலாளி, பெண்ணின் படிப்புக்கு பாங்கியில் 3 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் 7 வருஷத்தில் அடைக்க வேண்டுமானால் மாதத் தவணை ஏறக்குறைய 5,000 ரூபாய். பெண்ணுக்குச் சம்பளம் 14,000 என்றால் மீதி 9,000. அதில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ், உடுப்பு. வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டால் அதுவும் போயிற்று. இப்படி 7 வருஷம். பெண்ணுக்கு அப்போது வயது 30-ஐ நெருங்கும். "நர்சு சம்பாதிக்கிறாள்" என்று ஊர் சொல்லும், பாங்கிக்காரன்தான் சம்பாதித்திருப்பான்.

இந்தக் கணக்குத்தான் பெண்களைத் திருச்சி விமான நிலையத்துக்குத் தள்ளுகிறது. வளைகுடாவுக்குப் போனால் கடன் தீரும் என்ற நம்பிக்கை. தீர்ந்தவர்கள் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் 2014-இல் இராக்கில் திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? சுற்றிலும் குண்டு வெடிக்க 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் மலையாளிகள், ஒருவர் தூத்துக்குடிப் பெண். மாதக் கணக்கில் சம்பளப் பாக்கி. ஊரில் ஏஜெண்டுக் கடன், படிப்புக் கடன். வெறுங்கையோடு வந்தால் கடனை யார் அடைப்பது என்று, யுத்தத்தின் நடுவிலும், திரும்பத் தயங்கியவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஜூலை 5-ஆம் தேதி விமானத்தில் கொச்சி வந்து இறங்கினார்கள். துப்பாக்கியைவிடக் கடன்காரனுக்கு அதிகம் பயப்பட வேண்டிய நிலைமை என்றால் அந்தப் படிப்பின் விலை என்ன என்று யோசியுங்கள்.

மறு வருஷம் கொச்சியிலேயே இன்னொரு கதை வெளியாயிற்று. குவைத் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுத்த ஒரு ஏஜென்சி, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19½ லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதற்குப் பிறகுதான் மத்திய சர்க்கார் விழித்துக்கொண்டு, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சு எடுப்பதைச் சர்க்கார் ஏஜென்சிகளின் கையில் கொடுத்தது. தமிழ்நாட்டில் அதற்கென்று 1978 முதல் சர்க்கார் நிறுவனம் ஒன்று இருக்கிறது. வெளிநாடு போக நினைக்கிற பெண்கள் தெருமுனை ஏஜெண்டிடம் போகாமல் முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

இவ்வளவு அவசியமான வேலைக்கு இவ்வளவு மலிவான கூலி எப்படி வந்தது? இதற்கு நம் நாட்டில் ஒரு பழைய வேர் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. முற்காலத்தில் அங்கே ஆரோக்கியசாலை நடந்ததைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. சோழர் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் 15 படுக்கை உள்ள ஆதுலசாலை இருந்தது. யாருக்கு என்ன கூலி என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தியருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், நிலமும். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் இருவருக்கும் நெல் உண்டு, ஆனால் வைத்தியருக்கு அளந்ததன் பக்கத்திலேயே வராது. ஆயிரம் வருஷத்துப் பட்டியல்! ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த ராஜா நர்சுக்குக் கூலி உண்டு என்று கல்லில் எழுதினான். "சேவைதானே" என்று சொல்லி ஏமாற்றவில்லை.

சீழும் மலமும் ரத்தமும் தொடுகிற வேலை தீட்டு என்றது வருணாசிரமம். தீட்டான வேலையைச் செய்கிறவர்களுக்குக் கூலி குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. கழனியில் இறங்குகிறவனுக்கும், செருப்புத் தைக்கிறவனுக்கும், சாக்கடை அள்ளுகிறவனுக்கும் எந்த விதியோ அதே விதிதான் நோயாளியைக் கழுவித் துடைக்கிற பெண்ணுக்கும். அந்தக் காலத்தில் மேல்சாதி வீடுகள் தங்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிகளில் பயிற்சி பெற்ற ஏழைக் கிறிஸ்தவப் பெண்களும், கதியற்ற விதவைகளும்தான் வந்தார்கள். 1946-இல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்சு. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களுக்கும் மரியாதை இல்லை. தீட்டு என்று சொல்ல இன்று வாய் கூசுகிறது. ஆகவே அதே வேலையைப் 'புனிதம்' என்று சொல்கிறார்கள். பெயர் மாறியது. சம்பளக் கவர் மாறவில்லை.

நர்சுகள் சங்கம் வைக்கும்போதெல்லாம் இந்தப் புனிதத்தை எடுத்து நீட்டுவது வாடிக்கை. ஆஸ்பத்திரி என்ன ஆலையா, அங்கே என்ன வேலைநிறுத்தம் என்று கேட்கிறார்கள். இதற்கு 1960-லேயே பதில் கிடைத்திருக்கிறது. பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரிக் குழுமத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வார்டு ஊழியர்கள் இருவருக்காக ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. ஆஸ்பத்திரியும் தொழில்தான், அங்கே வேலை செய்கிறவர்களும் தொழிலாளிகள்தான் என்று கோர்ட் சொன்னது. இடையில் 1970-இல் கோர்ட்டே இதை மாற்றியது. 1978-இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் மறுபடி நிலைநாட்டியது. இப்போது, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம காரியம் செய்கிற ஸ்தாபனங்களைத் 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. தர்ம டிரஸ்டு என்ற போர்டு எத்தனை ஆஸ்பத்திரி வாசல்களில் தொங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் இதன் விஷமம் விளங்கும்.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்து நர்சுகள் 2011-இல் ஐக்கிய நர்சுகள் சங்கத்தை அமைத்தார்கள். அது கட்சிச் சங்கம் அல்ல. அனுபவமும் அதிகம் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நின்று போராடினார்கள். 2018 ஏப்ரல் 24 முதல் மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தம் என்று தேதி வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் சர்க்கார் அறிவிப்பு வந்தது: தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய். நிபுணர் குழு சொல்லி இரண்டு வருஷம் காகிதத்தில் தூங்கிய அதே 20,000! காவிரிக்கரை நர்சுக்கும் பெரியாற்றங்கரை நர்சுக்கும் படிப்பில் என்ன வித்தியாசம்? பணக்கார இங்கிலாந்தின் கதையும் வேறல்ல. 1916-இல் தோன்றிய அந்நாட்டு நர்சுகளின் ஸ்தாபனம், நூறு வருஷத்துக்கு மேல் தேசிய அளவில் வேலைநிறுத்தம் செய்யாமல் இருந்துவிட்டு, 2022 டிசம்பர் 15-ஆம் தேதி முதல் தடவையாகக் கூலிக்காக வெளியே வந்தது. 2020-இல் கொரோனாக் காலத்தில் அங்கேயும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வேலைநிறுத்தம் என்றதும், நோயாளிகள் கதி என்ன என்று நம் ஆட்களே தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம், அலட்சியம் செய்ய மாட்டோம். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் இருக்க வேண்டும். நம் தோழர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் இரவில் எழுந்து உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும். கூலியைக் குறைத்து ஆளைக் குறைக்கிற நிர்வாகம் வருஷம் முழுவதும் ஒவ்வொரு ராத்திரியும் நோயாளியைக் கைவிடுகிறது. அதை யாரும் வேலைநிறுத்தம் என்று சொல்வதில்லை.

சரி, பெண்ணைச் சேர்க்கலாமா என்று கேட்ட தாய்க்கு என்ன சொல்கிறோம்? சேருங்கள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சேருங்கள். சர்க்கார் பள்ளியிலும் கல்லூரியிலும் இடம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். தனியார் என்றால், அந்தப் படிப்பு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்றதா, முடித்தால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். 'ஹெல்த் அசிஸ்டெண்ட்', 'நர்சிங் அசிஸ்டெண்ட்' என்று ஒரு வருஷத்து சர்டிபிகேட்டை விற்கிறவர்கள் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அதைப் படித்தவர்களை அந்தக் கவுன்சில் நர்சாகப் பதிவு செய்யாது. வெள்ளை உடுப்பு மட்டும் கிடைக்கும். வேலையில் சேரும்போது அசல் சர்டிபிகேட்டைக் கேட்டால் நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். பாண்டு என்று ஒரு காகிதத்தை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இங்கிலீஷில் எழுதியிருக்கும். பக்கத்தில் உள்ள தொழிற்சங்க ஆபீஸில் கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துச் சொல்வார்கள்.